வெஸ்டாங்கற புள்ளிய வானத்துல புடிச்சு அதோட தூரம், சைஸ், எடை எல்லாத்தையும் நம்மளே கணக்கு போடுறது எப்படி

வெஸ்டாங்கறது சூரியன சுத்தி வர்ற ஒரு சிறுகோள். அத பத்தி எங்க தேடினாலும் ஒரு டேபிள் வந்து நிக்கும். சராசரி விட்டம் 525 கிமீ, சூரியன ஒரு தடவ சுத்த 3.63 வருஷம், தன்னைத்தானே சுத்த 5.34 மணி நேரம், அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.46 கிராம், அப்படியே போயிட்டே இருக்கும். படிச்சிட்டு மூடிருவோம், மறுநாள் ஒண்ணுமே மனசுல நிக்காது. ஆனா அந்த டேபிள்ல இருக்கற ஒவ்வொரு எண்ணும் ஒரு வெறும் ஒளிப்புள்ளிய பாத்து பாத்து கறந்து எடுத்தது, அதுல பாதிக்கு மேல ஒரு பைனாகுலர், ஒரு கேமரா, ஒரு கால்குலேட்டர் இருந்தா நம்மளே திருப்பி செஞ்சு பாத்துக்கலாம். அப்படி செஞ்சு பாத்தவங்களுக்கு அந்த எண்ணுங்க மறக்கவே மறக்காது. அதுக்குத்தான் இத எழுதறேன்.

ஏன் வெஸ்டான்னா, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்கற மெயின் பெல்ட்ங்கற சிறுகோள் கூட்டத்துல செரஸ் இதவிட பெருசு, கிட்டத்தட்ட 940 கிமீ, ஆனா அது கரிக்கட்டை மாதிரி கருப்பு. வெஸ்டா சைஸ்ல சின்னதா இருந்தாலும் அதோட தரை நல்லா வெளிச்சத்த திருப்பி அடிக்கும், சூரியனுக்கும் கொஞ்சம் பக்கம், அதனால மொத்த பெல்ட்லயும் நம்ம கண்ணுக்கு பளிச்சுன்னு தெரியறது இதுதான். நல்ல இருட்டான வானத்துல சில வருஷம் வெறுங்கண்ணாலயே பாக்க முடியற ஒரே மெயின் பெல்ட் சிறுகோள்னு சொன்னா தப்பில்ல. புதுசா ஆரம்பிக்கறவங்க வேற எதுலயும் கை வைக்க வேணாம், இதுலயே ஆரம்பிங்க.

முதல்ல ஓல்பர்ஸ் எப்படி புடிச்சாருன்னு தெரிஞ்சுக்கோங்க

இது வெறும் வரலாறுக்காக சொல்லல, நம்ம செய்யப்போற வேலையும் அதேதான்.

1801 ஜனவரி 1 அன்னிக்கு பலெர்மோவுல ஜியுசெப்பே பியாட்ஸி செரஸ கண்டுபுடிச்சாரு. அடுத்த வருஷம் மார்ச் 28, ஜெர்மனில பிரெமன் ஊர்ல ஹைன்ரிஷ் ஓல்பர்ஸ் பல்லஸ கண்டுபுடிச்சாரு. ஓல்பர்ஸ் தொழில்ல டாக்டர், பகல் முழுக்க நோயாளிங்கள பாத்துட்டு ராத்திரி வீட்டு மாடில டெலஸ்கோப்போட உக்காந்துருவாரு. ஒரு கிரகம் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு குட்டி குட்டி பொருள் சுத்துதே, அப்ப ஒரு பெரிய கிரகம் உடைஞ்சு போன துண்டா இருக்குமோன்னு அவருக்கு தோணிச்சு. அப்படி உடைஞ்சிருந்தா எல்லா துண்டும் உடைஞ்ச இடத்துக்கே திரும்ப திரும்ப வந்து போகணும், செரஸ் பல்லஸ் ரெண்டோட பாதையும் வானத்துல குறுக்க வெட்டிக்கற இடம் ஒண்ணு கன்னி பக்கம், அதுக்கு நேர் எதிர்ல இன்னொண்ணு சீட்டஸ்ங்கற நட்சத்திரக் கூட்டம் பக்கம், அப்ப அந்த ரெண்டு இடத்தையும் விடாம காவல் காத்தா போதும்னு முடிவு பண்ணாரு. வருஷக்கணக்கா பண்ணாரு. அந்த பகுதி நட்சத்திரம் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். 1804 செப்டம்பர் 1 அன்னிக்கு கார்ல் ஹார்டிங் ஜூனோவ கண்டுபுடிச்சாரு, 1807 மார்ச் 29 ராத்திரி கன்னில முன்னாடி இல்லாத ஒரு புள்ளி ஓல்பர்ஸ் கண்ணுல பட்டுச்சு. அதுதான் வெஸ்டா. பேர் வைக்கற உரிமைய கணித மேதை காஸுக்கு கொடுத்தாரு, காஸ் ரோமானிய அடுப்பங்கரை தெய்வத்தோட பேர வெச்சாரு, பாதையையும் சுமார் 10 மணி நேரத்துல கணக்கு போட்டு கொடுத்துட்டாரு.

உடைஞ்ச கிரகம்ங்கற யோசனை இன்னிக்கு நிக்கல, மெயின் பெல்ட்ல இருக்கற எல்லாத்தையும் சேத்து உருட்டினாலும் நம்ம நிலாவோட எடைல சில சதவீதம்தான் வரும். ஆனா தேடின முறை தங்கமான முறை. வானத்துல ஒரு சின்ன துண்ட எடுத்துக்கோ, அத முழுசா கத்துக்கோ, ராத்திரிக்கு ராத்திரி திரும்ப வந்து எது நகந்திருக்குன்னு பாரு. வெஸ்டாவுக்கு அப்புறம் அடுத்த சிறுகோள் கிடைக்க 1845 வரைக்கும், முழுசா 38 வருஷம் ஆச்சு, அத வெச்சே இது எவ்ளோ பொறுமை கேக்கற வேலைன்னு புரிஞ்சுக்கலாம்.

புள்ளிய புடிக்கிறது

நேரம் பாத்துதான் எறங்கணும். பூமி நடுவுல, சூரியன் ஒரு பக்கம், வெஸ்டா அதுக்கு நேர் எதிர் பக்கம் வர்ற சமயத்துக்கு எதிர்நிலைன்னு பேரு, அப்பதான் அது நமக்கு கிட்ட இருக்கும், ராத்திரி முழுக்க வானத்துலயும் இருக்கும். இது சுமாரா 16 அல்லது 17 மாசத்துக்கு ஒரு தடவ வரும். எல்லா எதிர்நிலையும் ஒண்ணு இல்ல, 2018 ஜூன் 19 வந்தது ரொம்ப நல்ல ஒண்ணு, மேக்னிட்யூட், அதாவது வெளிச்சத்த குறிக்கற எண், 5.3 வரைக்கும் போச்சு. 2025 மே 2 வந்தது 5.7. சுமாரான வருஷத்துல 6.4 பக்கம் நிக்கும். தூரமா போயிட்டா 8.5 வரைக்கும் மங்கிரும், மேக்னிட்யூட் எண் கூட கூட வெளிச்சம் கம்மிங்கறத ஞாபகம் வெச்சுக்கோங்க. 6 ஆ இருந்தாலும் 7x50 இல்ல 10x50 பைனாகுலருக்கு தாராளம்.

ஸ்டெல்லேரியம் ஃப்ரீயா கிடைக்குது, அதுல வெஸ்டான்னு அடிச்சா இடத்த காட்டிரும். இன்னும் துல்லியமா வேணும்னா நாசாவோட ஜேபிஎல் ஹொரைசன்ஸ் வெப்சைட்ல எடுங்க, அங்க வெஸ்டாவோட நம்பர் 4, ஆனா வெறும் 4 போட்டா செவ்வாய்க்கு போயிரும், 4 போட்டு பக்கத்துல ஒரு அரைப்புள்ளியும் போடணும், அதாவது 4; அப்படின்னு. அரைப்புள்ளி போட்டாதான் சிறுகோள் லிஸ்ட்ல தேடும்.

அப்புறம் அந்த பகுதியோட மேப்ப 8 ஆம் மேக்னிட்யூட் வரைக்கும் நட்சத்திரம் தெரியற மாதிரி செட் பண்ணி பிரின்ட் எடுங்க, இல்ல போன்ல சிவப்பு ஸ்கிரீன்ல வெச்சுக்கோங்க. ஒரே ஒரு விஷயம், மேப்ல வெஸ்டாவ மறைச்சிட்டு எடுங்க. நான் இத வற்புறுத்தியே சொல்வேன், ஏன்னா வெஸ்டா இங்கதான் இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா கண்ணு எந்த நட்சத்திரத்த வேணா வெஸ்டான்னு ஒத்துக்கும். பக்கத்துல இருக்கற ஒரு பளிச்சுன்ற நட்சத்திரத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு நட்சத்திரமா தாண்டி தாண்டி அந்த இடத்துக்கு வாங்க, வந்துட்டு பேப்பர்ல ஒரு வட்டம் போட்டு பைனாகுலர்ல தெரியற புள்ளிங்கள எல்லாம் வரைங்க. அழகா வரையணும்னு அவசியமில்ல, எது எதுக்கு பக்கத்துல, எது எத விட பளிச்சுங்கறது சரியா இருந்தா போதும். ரெண்டு ராத்திரி கழிச்சு அதே நேரத்துக்கு வந்து திரும்ப வரைங்க. எல்லா புள்ளியும் அப்படியே இருக்கும், ஒண்ணு மட்டும் முழு நிலாவோட அகலம் அளவுக்கு இடம் மாறியிருக்கும். அதுதான்.

வட்டமா ஏதோ தெரியும்னு எதிர்பாக்காதீங்க. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டு பாத்தாலும் புள்ளி புள்ளிதான், ரொம்ப கிட்ட வரும்போதே அதோட அகலம் 0.7 ஆர்க்செகண்ட்தான், ஒரு ஆர்க்செகண்ட்னா ஒரு டிகிரில 3600ல ஒரு பங்கு. பௌர்ணமிய ஒட்டின ரெண்டு மூணு நாள விட்டுருங்க, மத்தபடி பெரிய கட்டுப்பாடு ஒண்ணும் இல்ல.

எவ்ளோ தூரம்னு கண்டுபுடிக்கிறது

எனக்கு இந்த முழு வேலைலயும் ரொம்ப புடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமா படிங்க.

எதிர்நிலை சமயத்துல வெஸ்டா வானத்துல பின்னோக்கி போற மாதிரி தெரியும். உண்மைல அது முன்னாடிதான் போகுது, நொடிக்கு சுமார் 19.4 கிமீ, ஆனா பூமி உள்வட்டத்துல நொடிக்கு 29.8 கிமீ வேகத்துல அத முந்திட்டு போறதால அது பின்னாடி போற மாதிரி நமக்கு தோணுது. ஒரு பொருள் சூரியன்ல இருந்து எவ்ளோ தள்ளி இருக்கோ அவ்ளோ மெதுவா இந்த பின்னோக்கு நகர்வு இருக்கும். அப்ப நகர்வ அளந்தா தூரம் கிடைச்சிரும்ல?

அளக்கறதுக்கு கேமரா வேணும். 85 இல்ல 100 எம்எம் லென்ஸ், ட்ரைபாட், மூணு நொடி எக்ஸ்போஷர், அவ்ளோதான், ட்ராக்கர் எதுவும் வேணாம். எதிர்நிலைக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு போட்டோ, ரெண்டு நாள் கழிச்சு ஒரு போட்டோ, ரெண்டும் ஒரே மணிக்கு. போட்டோவ கம்ப்யூட்டர்ல போட்டு ரெண்டு தெரிஞ்ச நட்சத்திரத்துக்கு நடுவுல எத்தன பிக்சல்னு பாருங்க, அதே ரெண்டு நட்சத்திரத்துக்கு நடுவுல எத்தன டிகிரின்னு ஸ்டெல்லேரியம்ல இருக்கற கோணம் அளக்கற டூல் சொல்லும், வகுத்தா ஒரு பிக்சல் எத்தன டிகிரின்னு வந்துரும். அப்புறம் ரெண்டாவது போட்டோவ முதல் போட்டோ மேல நட்சத்திரம் நட்சத்திரத்தோட பொருந்தற மாதிரி வெச்சு வெஸ்டா எத்தன பிக்சல் நகந்திருக்குன்னு எண்ணுங்க. 100 எம்எம் லென்ஸும் 6 மைக்ரான் பிக்சலும் உள்ள கேமரான்னா ஒரு நாளைக்கு சுமார் 70 பிக்சல் நகரும், அதனால நாலு நாள் இடைவெளில 280 பிக்சல் கிட்ட வரும், அஞ்சு பிக்சல் அங்க இங்க தப்பா எண்ணினாலும் கணக்கு கெடாது.

உங்களுக்கு ஒரு நாளைக்கு 0.25 டிகிரின்னு வந்திருக்குன்னு வெச்சுக்கோங்க. பூமி சூரியன சுத்தி ஒரு நாளைக்கு 0.9856 டிகிரி போகுது, 360 ஐ 365.25 ஆல வகுத்தா வர்றதுதான். இந்த 0.9856 ஐ உங்க 0.25 ஆல வகுங்க, 3.94 வரும். இப்ப ஒரு எண்ண தேடணும், அந்த எண்ணையும் அதோட வர்க்கத்தையும் கூட்டினா 3.94 வரணும். 1.5 போட்டா 2.25 கூட்டல் 1.5, 3.75, பத்தல. 1.55 போட்டா 2.40 கூட்டல் 1.55, 3.95, கிட்டத்தட்ட வந்துருச்சு. அந்த 1.55 ஓட வர்க்கம் 2.40 இருக்குல்ல, அதுதான் சூரியன்ல இருந்து வெஸ்டாவோட தூரம், வானியல் அலகுல, அதாவது பூமி சூரியன் தூரத்த போல 2.4 மடங்கு. டேபிள்ல இருக்கற சராசரி தூரம் 2.36.

ட்ரைபாட்ல மூணு நொடி எடுத்த ரெண்டு போட்டோவ வெச்சு மெயின் பெல்ட் எங்க இருக்குன்னு சொல்லிட்டோம். இது ஏன் வேலை செய்யுதுன்னா வேகம் தூரத்தோட வர்க்கமூலத்துக்கு தலைகீழா கொறையும்ங்கற கெப்ளர் விதி உள்ள இருக்கு, பூமி வேகத்துல இருந்து வெஸ்டா வேகத்த கழிச்சு நடுவுல இருக்கற தூரத்தால வகுத்து சுருக்கினா நான் மேல சொன்ன வடிவம் வந்துரும், பேப்பர் எடுத்து ஒரு தடவ செஞ்சு பாருங்க. சுத்தற காலமும் இலவசமா கிடைக்கும், 2.40 ஐ 1.55 ஆல பெருக்குங்க, 3.72 வருஷம். நிஜம் 3.63.

வித்தியாசம் எங்க இருந்து வருதுன்னா நம்ம எல்லாத்தையும் சரியான வட்டம்னும் ஒரே தளத்துல இருக்குன்னும் வெச்சுக்கிட்டோம், வெஸ்டா நிஜத்துல 2.15 ல இருந்து 2.57 வரைக்கும் போயிட்டு வருது, பாதையும் 7 டிகிரி சாஞ்சிருக்கு. எதிர்நிலைய விட்டு தள்ளி ஒரு மாசம் கழிச்சு அளந்தா இந்த கணக்கு சுத்தமா தப்பாயிரும், அது மட்டும் கவனம்.

தன்னைத்தானே சுத்தற நேரம்

இதுக்கு ஒரே ராத்திரில ஆறு மணி நேரம் தொடர்ந்து போட்டோ எடுக்கற பொறுமை வேணும். ரா ஃபார்மட்ல எடுங்க, ஃபோகஸ கொஞ்சமா கலைச்சு விடுங்க, அப்பதான் வெளிச்சம் நெறைய பிக்சல்ல பரவி அளவு சீரா வரும். ஆஸ்ட்ரோ இமேஜ் ஜே மாதிரி ஃப்ரீ சாஃப்ட்வேர்ல வெஸ்டாவோட வெளிச்சத்த பக்கத்துல இருக்கற ஒரு நிலையான நட்சத்திரத்தோட ஒப்பிட்டு நேரத்துக்கு எதிரா கிராஃப் போட்டா லைட் கர்வ் வரும். ஏற்ற இறக்கம் ரொம்ப சின்னது, சுமார் 0.12 மேக்னிட்யூட், வெளிச்சத்துல 12 சதவீதம் மாதிரி. அதனால இருபது இருபது போட்டோவா சேத்து சராசரி எடுங்க, தனித்தனியா பாத்தா இரைச்சல்ல மூழ்கிரும்.

இங்க ஒரு பொறி இருக்கு. நீளமா ஒழுங்கில்லாத சிறுகோளுக்கெல்லாம் ஒரு சுத்துக்கு ரெண்டு ஏற்றம் ரெண்டு இறக்கம் வரும், அகலமான பக்கம் ரெண்டு தடவ நம்மள பாக்கும்ல, அதனால. அந்த வழக்கத்த வெஸ்டாவுக்கும் போட்டா 10.68 மணி நேரம்னு வரும். ரொம்ப காலம் 5.34 ஆ 10.68 ஆன்னு ஆராய்ச்சியாளருங்களுக்குள்ளயே இழுபறி இருந்துச்சு. விடை 5.34, ஏன்னா வெஸ்டாவோட நடுவுல சுத்தி பாத்தா அது ஓரளவு உருண்டைதான், வெளிச்சம் ஏறி எறங்கறது வடிவத்தால இல்லாம ஒரு பக்கம் வெளுப்பாவும் இன்னொரு பக்கம் கருப்பாவும் இருக்கறதால. அப்ப ஒரு சுத்துக்கு ஒரே ஏற்றம்தான். உங்க கர்வ்ல ஒரு ஏற்றத்துல இருந்து அடுத்த ஏற்றம் வரைக்கும் அஞ்சரை மணிக்கு கொஞ்சம் கம்மியா வந்தா, ஒரு புள்ளியோட ரெண்டு பக்கமும் நிறம் வேற வேறன்னு கண்டுபுடிச்சிட்டீங்கன்னு அர்த்தம்.

சைஸ்

புள்ளிக்கு அகலமே தெரியலன்னா சைஸ் எப்படி? வெளிச்சத்த வெச்சுத்தான். ஆனா வெளிச்சம் மட்டும் போதாது, அது எப்படின்னு பாருங்க.

முதல்ல வெஸ்டாவோட மேக்னிட்யூட்ட பக்கத்து நட்சத்திரங்களோட ஒப்பிட்டு எடுங்க, 6.0 ன்னு வெச்சுக்கோங்க. சராசரி எதிர்நிலைல சூரியன்ல இருந்து 2.36 வானியல் அலகு, நம்மகிட்ட இருந்து 1.36. ரெண்டையும் பெருக்கினா 3.21, அதோட லாக் 0.506, அஞ்சால பெருக்கினா 2.53. இது தூரத்தால வந்த மங்கல், கழிச்சிட்டா 3.5 கிட்ட வரும். சூரியன் நமக்கு முழுக்க நேர் பின்னாடி இல்லாம லேசா சாஞ்சிருக்கறதுக்கு இன்னொரு 0.2 அல்லது 0.3 கழிக்கணும், 3.2 வந்துரும். இதுக்கு முழு மேக்னிட்யூட்னு வெச்சுக்கலாம், டேபிள்ல ஹெச்னு போட்டிருப்பாங்க.

இப்ப விட்டம். ஃபார்முலால வர்ற மாறாத எண் 1329 ஐ எடுங்க, அத 10 ஓட மைனஸ் 0.64 அடுக்கால பெருக்குங்க, 0.64 ங்கறது 3.2 ஐ 5 ஆல வகுத்தது. 304 கிட்ட வரும். இத ஆல்பிடோவோட வர்க்கமூலத்தால வகுத்தா கிமீல விட்டம். ஆல்பிடோன்னா மேல விழற வெளிச்சத்துல எவ்ளோ திருப்பி அனுப்புதுங்கற பங்கு. வெஸ்டாவுக்கு 0.42 ன்னு போட்டா 470 கிமீ வருது. செரஸ் மாதிரி கருப்பா 0.09 ன்னு நினைச்சு போட்டா? 1015 கிமீ! அதே புள்ளி, அதே வெளிச்சம், தரையோட நிறத்த தப்பா நினைச்சா விட்டம் ரெண்டு மடங்குக்கு மேல தாண்டிருது. ஓல்பர்ஸ் காலத்துல இருந்து நூறு வருஷத்துக்கு மேல யாராலயும் நிம்மதியா ஒரு சைஸ் சொல்ல முடியாததுக்கு இதுதான் காரணம்.

நிறத்த எப்படி தெரிஞ்சுக்கறதுன்னா வெப்பத்த வெச்சு. கருப்பு கல்லு வெளிச்சத்த முழுங்கி சூடாகி அகச்சிவப்புல நெறைய கக்கும், வெளுத்த கல்லு கம்மியா கக்கும். கண்ணுக்கு தெரியற வெளிச்சத்தையும் அகச்சிவப்பையும் சேத்து வெச்சு பாத்தா சைஸும் ஆல்பிடோவும் தனித்தனியா பிரிஞ்சு வந்துரும், 1983 ல ஐராஸ் செயற்கைக்கோள் ஆயிரக்கணக்கான சிறுகோளுக்கு இப்படித்தான் அளந்துச்சு. இது நம்ம கைல முடியாது, ஆல்பிடோவ மட்டும் டேபிள்ல இருந்து கடன் வாங்கிக்கணும்.

நம்ம 470 க்கும் நிஜமான 525 க்கும் பத்து சதவீதம் இடிக்குதேன்னா, ஹெச் ஒரு விதமான அளவீட்டுல இருந்தும் ஆல்பிடோ வேற ஒண்ணுல இருந்தும் வருது, ஃபார்முலாவும் பொருள உருண்டைன்னு எடுத்துக்குது. பத்து சதவீத பிழைல ஒரு சிறுகோளோட சைஸ் தெரியறது இந்த துறைல நல்ல விடைதான்.

நேரடியா அளக்க ஒரு வழி இருக்கு, மறைப்பு. சிறுகோள் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாடி போகும்போது நட்சத்திரம் பொசுக்குன்னு அணைஞ்சு கொஞ்ச நேரத்துல திரும்ப வரும். எதிர்நிலை சமயத்துல வெஸ்டாவோட நிழல் நம்மள நொடிக்கு சுமார் 10 கிமீ வேகத்துல கடந்து போகும், அப்ப நடுக்கோட்டுல நிக்கறவருக்கு 50 நொடி கிட்ட நட்சத்திரம் காணாம போகும், ஓரத்துல நிக்கறவருக்கு கம்மி. நெறைய பேர் வேற வேற இடத்துல இருந்து நேரத்த குறிச்சா ஒவ்வொருத்தர் நேரமும் அந்த உருவத்துக்கு குறுக்க ஒரு கோடு, எல்லா கோட்டையும் அடுக்கி வெச்சா நிழலோட வடிவமே வந்துரும். ஆக்கல்ட் வாட்சர்னு ஒரு சாஃப்ட்வேர் உங்க இடத்துக்கு வரப்போற மறைப்புங்கள சொல்லும், அத போட்டு வெச்சுக்கோங்க. வெஸ்டாவே வரணும்னு இல்ல, வேற எந்த சிறுகோள் வந்தாலும் நேரம் குறிச்சு அனுப்புங்க, இன்னிக்கும் அமெச்சூருங்களோட அளவீட்ட ஆராய்ச்சிக்கு எடுத்துக்கற இடம் இது.

எடையும் அடர்த்தியும்

எடை பாக்கணும்னா அது வேற யாரையாவது இழுக்கணும். வெஸ்டாவுக்கு நிலா எதுவும் இல்ல. 197 ஆம் நம்பர் சிறுகோள் அரீட்டி 18 வருஷத்துக்கு ஒரு தடவ வெஸ்டாவுக்கு 0.04 வானியல் அலகு கிட்ட வந்து போகும், ஒவ்வொரு தடவையும் வெஸ்டாவோட இழுப்புல அதோட பாதை கொஞ்சம் வளையும். பல வருஷத்து பதிவ எடுத்து அந்த வளைவ அளந்து 1966 ல ஹான்ஸ் ஹெர்ட்ஸ் வெஸ்டாவோட நிறையை சொன்னாரு, இந்த மாதிரி நிறை கண்டுபுடிச்ச முதல் சிறுகோளே இதுதான். அவர் சொன்னது சூரியனோட நிறைல ஆயிரம் கோடில 1.2 பங்கு. 45 வருஷம் கழிச்சு விண்கலமே அங்க போய் அளந்தப்ப அவர் விடை எட்டு சதவீதம்தான் கம்மி. ஒரு சின்ன புள்ளி இன்னொரு சின்ன புள்ளிய லேசா தட்டிவிட்டத வெச்சு இவ்ளோ கிட்ட வந்தது எனக்கு இன்னிக்கும் பிரமிப்பு.

நாசாவோட டான் விண்கலம் 2007 செப்டம்பர் 27 கிளம்பி 2011 ஜூலை 16 வெஸ்டாவோட சுற்றுப்பாதைல நுழைஞ்சுச்சு, 2012 செப்டம்பர் 5 கிளம்பி செரஸுக்கு போச்சு. அதோட ரேடியோ சிக்னல்ல வர்ற சின்ன சின்ன மாற்றத்த வெச்சு நிறையை 259 க்கு பின்னாடி 18 பூஜ்யம் போட்ட கிலோன்னு எடுத்தாங்க. வடிவத்த 572.6, 557.2, 446.4 கிமீன்னு மூணு பக்கமும் அளந்தாங்க. இத வெச்சு அடர்த்திய நீங்களே போடுங்க. மூணையும் பெருக்கி 0.5236 ஆல பெருக்கினா கன அளவு, ஏழரை கோடி கன கிமீ சுமாரா. நிறையை கன அளவால வகுத்தா ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.47 கிராம் வரும், டேபிள்ல 3.46.

இந்த ஒரு எண்ணு என்ன சொல்லுதுன்னு யோசிங்க. தண்ணி 1, செரஸ் 2.16, இரும்பு 7.9. செரஸ்ல பனி கலந்திருக்கு, வெஸ்டாவுல அதுக்கு எடமே இல்ல, முழுக்க பாறை, உள்ள கொஞ்சம் உலோகம். டானோட ஈர்ப்பு அளவீட்டுலயும் நடுவுல சுமார் 110 கிமீ ஆரத்துக்கு இரும்பு கரு இருக்குன்னு வந்துச்சு. அப்படின்னா வெஸ்டா ஒரு காலத்துல உருகி, கனமானது அடில போய், லேசானது மேல மிதந்து, அடுக்கு அடுக்கா பிரிஞ்சிருக்கு. சூரிய குடும்பம் பொறந்த புதுசுல இருந்த கதிரியக்க அலுமினியம் 26 கொடுத்த சூட்டுல இது நடந்திருக்கணும். மேல எரிமலை குழம்பு ஓடின சின்ன கிரகம்னே சொல்லலாம். அங்க நின்னா 60 கிலோ ஆள் நம்ம ஊரு தராசுல ஒன்றரை கிலோதான் காட்டுவாரு, அது வேற விஷயம்.

எதனால ஆனதுன்னு எப்படி தெரிஞ்சுது

இதுக்கு நம்ம கிட்ட கருவி இல்ல, ஆனா தெரியாம விடக்கூடாது. 1970 ல வெஸ்டாவோட ஒளிய நிறமாலையா பிரிச்சு பாத்தாங்க, 0.9 மைக்ரான் பக்கத்துல ஒரு பள்ளம். பைராக்சீன்ங்கற கனிமம் அந்த இடத்துலதான் வெளிச்சத்த முழுங்கும், பசால்ட் எரிமலை பாறைல அது நிறைய இருக்கும். அதே மாதிரி நிறமாலை பூமில விழுந்த ஒரு வகை விண்கல்லுலயும் இருந்துச்சு, யூக்ரைட், டயோஜினைட், ஹோவர்டைட்னு மூணு. யூக்ரைட் மேல் ஓட்டு எரிமலை பாறை, டயோஜினைட் ஆழத்துல மெதுவா ஆறினது, ஹோவர்டைட் ரெண்டும் நொறுங்கி கலந்தது.

அங்க இருந்து இங்க எப்படி வந்துச்சுங்கறதுக்கு விடை தென் துருவத்துல இருக்கு. ஹபிள் டெலஸ்கோப் படத்துல 1997 லயே அங்க ஒரு பெரிய பள்ளம் தெரிஞ்சுது, டான் போய் பாத்தப்ப சுமார் 500 கிமீ அகலம், வெஸ்டாவோட மொத்த அகலத்துக்கு கிட்டத்தட்ட சமம், நடுவுல 20 கிமீக்கு மேல உயரமா ஒரு மலை. ரியாசில்வியான்னு பேரு. அதுக்கு அடில அதவிட பழைய வெனனியான்னு இன்னொரு 400 கிமீ பள்ளம். மூணு அளவுல 446 மட்டும் ஏன் அவ்ளோ கம்மின்னு இப்ப புரியுதா, தெற்கு பக்கம் பேத்து எடுத்திருக்கு. அப்ப தெறிச்ச துண்டுங்கதான் வெஸ்டாய்டுன்னு ஒரு குடும்பமா இன்னிக்கும் பெல்ட்ல சுத்துது, அதுல சிலது 2.5 அலகு தூரத்துக்கு நகந்து போனா அங்க வியாழனோட இழுப்பு தாளத்துக்கு மாட்டி உள்பக்கமா வீசப்படும். 2018 ஜூன் 2 அன்னிக்கு கண்டுபுடிச்ச சில மணி நேரத்துலயே போட்ஸ்வானா மேல எரிஞ்சு விழுந்த 2018 எல்ஏங்கற குட்டி சிறுகோளோட துண்டுங்கள கலஹாரில தேடி எடுத்தாங்க, அது ஹோவர்டைட் வகை, வெஸ்டால இருந்து வந்ததா இருக்கணும்னு பாதையும் சொல்லுது. மியூசியத்துல யூக்ரைட் பாத்தா அதோட பளபள கருப்பு மேல்தோல நல்லா கவனிச்சு பாருங்க, உள்ள வெளிர் சாம்பல் நிறமா இருக்கும், அதுதான் நீங்க பைனாகுலர்ல பாத்த வெளிச்சத்தோட நிறம்.

அடுத்து எதுல கை வைக்கலாம்

வெஸ்டா முடிஞ்சதும் அதே கணக்க செரஸுக்கு போடுங்க. எதிர்நிலைல ஒரு நாளைக்கு 0.22 டிகிரி நகரணும், 0.9856 ஐ வகுத்து தேடினா தூரம் 2.8 பக்கம் வரணும், டேபிள்ல 2.77. ஹெச் 3.34, ஆல்பிடோ 0.09 போட்டா விட்டம் 951 கிமீ வரணும், இது நிஜத்துக்கு ரொம்ப கிட்ட. செரஸ் 7 ஆம் மேக்னிட்யூட்ட ஒட்டித்தான் இருக்கும், அதனால போட்டோவுக்கு எக்ஸ்போஷர் ஒரு நொடி கூட வெச்சுக்கோங்க. பல்லஸுக்கு சைஸ் கணக்கு போடலாம், ஆனா தூர கணக்க அப்படியே போடாதீங்க, அதோட பாதை 35 டிகிரி சாஞ்சிருக்கு, மேலயும் கீழயும் வேற நகர்றதால வர்ற விடை ஏமாத்திரும்.